அலுமினியப் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்: பாதுகாப்பாகச் சுத்தம் செய்வது எப்படி?

பழைய புல்லட்டையோ ஆர்எக்ஸ் 100-ஐயோ வாங்கி வீட்டிலேயே பிரித்துப் புதுப்பிக்கிறவர்கள் ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பெட்ரோல் டேங்கிலும் மட்கார்டிலும் அடித்த பெயிண்ட் நன்றாக நிற்கிறது. இன்ஜினின் பக்க மூடி, சக்கரத்தின் ஹப், முன் ஃபோர்க்கின் கீழ்க்குழாய் ஆகியவற்றில் மட்டும் சில மாதங்களிலேயே கொப்புளித்து உரிந்துவிடுகிறது. பழி பெயிண்ட் மீது விழுகிறது. டேங்க் இரும்புத் தகடு, உரிந்த பாகங்களோ அலுமினிய வார்ப்பு. இரும்புக்குச் செய்த அதே தயாரிப்பை அலுமினியத்துக்கும் செய்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயிண்டும் பிடிக்காது.

ஒருமுறை உரிந்ததைப் பார்த்தவர்கள் அடுத்த முறை இன்னும் வீரியமான எதையாவது ஊற்றிக் கழுவப் பார்க்கிறார்கள். கழிப்பறை ஆசிட், காஸ்டிக் சோடா, வாளி நிறையப் பெட்ரோல் என்று போகிறது. எனக்கு உண்மையில் கவலை தருவது அதுதான். உரிந்த பெயிண்டைத் திரும்ப அடிக்கலாம். கண்ணில் தெறித்த ஆசிட்டுக்குத் திரும்ப ஒரு வாய்ப்பு கிடையாது. அலுமினியத்துக்கு வீரியமான மருந்து எதுவும் தேவையே இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பு, டர்பென்டைன், வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்), சுத்தமான ஒரு கரைப்பான் ஆகிய நான்கும் சரியான வரிசையில் வந்தால் போதும். வரிசை மாறினால்தான் வேலை கெடுகிறது.

அலுமினியத்தின் இரண்டு குணங்கள்

காற்றுப்பட்ட நொடியிலேயே அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிவிடுகிறது. சில நானோமீட்டர் தடிமன்தான், கண்ணுக்குத் தெரியாது. இரும்பின் துருவைப் போல அது பொருக்காக உதிர்வதில்லை. உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு அதைக் காக்கிறது. ஆனால் அதன் மேல் எண்ணெயும் ஈரமும் எளிதில் தங்கும், பெயிண்டுக்கு நல்ல பிடிப்பும் கிடைக்காது. உப்புக் காற்றிலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடந்த பாகத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம்: வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். அது அலுமினியத்தின் துரு. அதன் மேல் அடித்த பெயிண்ட் உலோகத்தில் ஒட்டுவதில்லை, பொடியில் ஒட்டுகிறது. பொடி உதிரும்போது கூடவே போகிறது.

இரண்டாவது குணம் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையது. அலுமினியத்தை அமிலமும் அரிக்கும், காரமும் அரிக்கும். அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு சுமார் 4-லிருந்து 8.5 வரை இருக்கும் நீரில் மட்டுமே அதன் படலம் நிலையாக இருக்கும். வீட்டில் அழுக்குப் போக்க வைத்திருக்கும் பொருட்களில் பெரும்பாலானவை இந்த எல்லைக்கு வெளியே இருப்பவை.

தொடக்கூடாதவை

காஸ்டிக் சோடா முதலில். சாக்கடை அடைப்பு நீக்கும் பொடிகளிலும் சில வகை இன்ஜின் டிகிரீசர்களிலும் (எண்ணெய் நீக்கிகள்) இது இருக்கிறது. அலுமினியத்தில் பட்டதும் நுரைத்துப் பொங்கும். வெளியேறும் வாயு ஹைட்ரஜன், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கரைசலும் சூடேறிக் கொதித்துத் தெறிக்கும். பாகத்தின் விளிம்புகளும் மரைகளும் கரைந்து போகும். வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கானும் செம்பும் கலந்திருப்பதால், அரிப்புக்குப் பிறகு அவை கரிய பூச்சாக மேலே தங்கிவிடும். அந்தக் கறுப்பை எடுக்க நைட்ரிக் ஆசிட் வேண்டும். அது முலாம் பூசும் பட்டறையின் வேலை, வீட்டு வேலை அல்ல.

கழிப்பறை ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். உடனே பளிச்சென்று தெரிவதால் பலரும் ஏமாறுகிறார்கள். அதன் குளோரைடு வார்ப்பின் நுண்துளைகளில் தங்கி, பெயிண்டுக்கு அடியில் மெல்ல மெல்லக் குழி பறிக்கும். அதே குளியலறையில் பிளீச்சிங் பவுடரும் இருந்து இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

அலாய் வீல் பளபளக்க என்று விற்கப்படும் சில திரவங்களைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டும். லேபிளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்றோ அம்மோனியம் பைஃபுளோரைடு என்றோ இருந்தால் வாங்காதீர்கள். லேபிளில் பொருட்களின் பெயரே இல்லையென்றாலும் வாங்காதீர்கள். நீர்த்த நிலையில் அது தோலில் பட்டால் உடனே எரியாது. சில மணி நேரம் கழித்தே வலி தொடங்கும். அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே போய் உடலின் கால்சியத்தைப் பிணைத்துவிடும், இதயத் துடிப்பையே குலைக்கும். பட்டுவிட்டதென்று தெரிந்தால் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப ஏற்பாடு செய்ய வேண்டும். பாட்டிலையும் உடன் கொண்டுபோய், இன்ன அமிலம் என்று சொல்ல வேண்டும். அதற்கு முதலுதவி கால்சியம் குளுக்கோனேட் களிம்பு. வலி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

பெட்ரோலால் பாகம் கழுவுவது நம் ஊர்ப் பட்டறைகளில் சாதாரணக் காட்சி. சாதாரணமாக இருப்பதால் அது பாதுகாப்பாகிவிடாது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளியிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். வாசலில் கழுவினால் பூஜையறை விளக்கு வரைக்கும் எட்டும். கூடத்தில் இருக்கும் மோட்டார் சுவிட்சின் பொறியே போதும். புற்றுநோய் தரும் பென்சீனும் அதில் இருக்கிறது.

புளியும் எலுமிச்சையும் பித்தளைக்கும் செம்புக்கும் நல்லவை. பெயிண்ட் அடிக்கப்போகும் அலுமினியத்துக்குப் பயன்படாது. பழச்சாற்றின் பிசுக்கு துளைகளில் தங்கும், அதை எடுக்கத் தனியாக ஒரு கழுவல் தேவைப்படும்.

கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

கழுவத் தொடங்கும் முன் பாகத்தைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். இன்ஜின் மூடிகள் பெரும்பாலும் ஏடிசி 12 போன்ற சிலிக்கான் கலந்த கலவையில் வார்க்கப்பட்டவை. அவற்றில் நுண்துளைகள் உண்டு. இத்தனை ஆண்டுகளாக அந்தத் துளைகள் எண்ணெயைக் குடித்திருக்கும். தகடாகவோ குழாயாகவோ வரும் அலுமினியத்தில் இந்தத் தொல்லை குறைவு.

சில பாகங்களுக்குத் தொழிற்சாலையிலேயே நிறமற்ற லாக்கர் பூசியிருப்பார்கள். பழையது மஞ்சளித்து, ஓரத்தில் உரிந்திருக்கும். சில பாகங்கள் ஆனோடைஸ் செய்யப்பட்டவை, அதாவது மின்சாரம் செலுத்தி ஆக்சைடு படலம் தடிமனாக்கப்பட்டவை. இரண்டிலும் மல்டிமீட்டரின் முனைகளை மெதுவாக வைத்தால் மின்சாரம் பாயாது. தின்னர் நனைத்த துணியால் தேய்த்தால் வேறுபாடு தெரியும்: லாக்கர் பிசுபிசுக்கும், ஆனோடைஸ் அசையாது. லாக்கரை எடுத்தே ஆக வேண்டும். ஆனோடைஸ் படலம் உறுதியாக இருந்தால் அதை எடுக்காதீர்கள். எண்ணெய் போக்கி, மேலாகச் சொரசொரப்பாக்கினால் அதுவே பெயிண்டுக்கு நல்ல அடித்தளம்.

அலுமினியம் போலவே தோன்றும் மெக்னீசியப் பாகங்களும் சில வண்டிகளில் உண்டு. தூக்கினால் எதிர்பார்த்ததைவிட இலேசாக இருக்கும். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மெக்னீசியத்தினுடையது 1.74. சந்தேகம் வந்தால் மறைவான இடத்தில் சிறிது சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மெக்னீசியம் என்றால் உடனே குமிழியிடும். அப்படியானால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மெக்னீசியத் தூள் மிக எளிதில் பற்றி எரியும். அதற்கான முறைகள் வேறு.

பிரேக் டிரம் இருக்கும் ஹப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரானது. புல்லட்டுகள் அதைவிடவும் பழையவையாக இருக்கலாம். அந்தக் காலத்துப் பிரேக் லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவதும் கம்பிரசர் காற்றை அடிப்பதும் கூடவே கூடாது. சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் வழித்தெடுத்து, துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள். வேலை முழுவதும் இந்தத் தூசி காற்றில் எழவே கூடாது.

இடமும் கவசமும்

காற்றோட்டமுள்ள திறந்தவெளி, நிழல். மொட்டை மாடி நல்ல இடம், படிக்கட்டறைக்குள் வேண்டாம். அடுப்பு, விளக்கு, சிகரெட், வெல்டிங் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. குழந்தைகளையும் நாயையும் விலக்கி வையுங்கள். கரைப்பானைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை அடியோடு விடுங்கள். தண்ணீர் என்று நினைத்து யாராவது எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.

கண்களுக்குப் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி. கைக்கு நைட்ரைல் கையுறை, பவுடர் இல்லாதது. மருத்துவர்கள் அணியும் ரப்பர் கையுறை டர்பென்டைனில் ஊறிப் பிய்ந்துவிடும். நைட்ரைலையும் அசிட்டோனும் தின்னரும் சில நிமிடங்களில் ஊடுருவும், அதனால் நனைந்ததும் மாற்றுங்கள். முகக் கவசத்தில்தான் அதிகக் குழப்பம்: என்95 தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. தின்னரும் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) புகையும் இருக்கும் இடத்தில் கரித்தூள் அடைத்த வடிகட்டியுள்ள ரப்பர் கவசம் வேண்டும். ஒரு வாளி சுத்தமான தண்ணீர் எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணில் எது தெறித்தாலும் 15 நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

முதல் படி: எண்ணெயை எடுப்பது

உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் எண்ணெய் முழுவதும் போயிருக்க வேண்டும். இந்த ஒரு விதியை மீறுவதால்தான் பாதிப் பெயிண்டுகள் உரிகின்றன என்பது என் கருத்து. எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால், தாள் கிழிக்கும் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் எண்ணெயையே அழுத்தித் தேய்க்கிறோம். அதன்பின் மேலோட்டமாகத் துடைத்தால் அது வெளியே வராது. வண்டிக்கு யாராவது சிலிக்கோன் பாலிஷ் போட்டிருந்தால் இன்னும் மோசம். சிறிதளவு சிலிக்கோன் தங்கினாலும் பெயிண்ட் அந்த இடத்தைவிட்டு விலகி, மீன்கண் போன்ற வட்டக் குழிகளாக நிற்கும்.

கெட்டியான கிரீஸை மரக் குச்சியாலோ பிளாஸ்டிக் சட்டத்தாலோ வழித்தெடுங்கள். பிறகு டர்பென்டைனும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷும். முன்பு இதற்கு மண்ணெண்ணெய் பயன்பட்டது. இப்போது அது கிடைப்பது அரிதாகிவிட்டது. பெயிண்ட் கடையில் விற்கும் மினரல் டர்பென்டைன் அதே வேலையைச் செய்யும். பெட்ரோலைப் போல அது எளிதில் பற்றாது, ஆனாலும் எரியும் பொருள்தான். நம் ஊர் வெயிலில் அதன் ஆவியும் பற்றக்கூடும் என்பதால் நிழலிலேயே வேலை செய்யுங்கள். ஆழமில்லாத தட்டில் கொஞ்சமாக ஊற்றி, போல்ட் துளை, விலா எலும்பு போன்ற உட்பக்க மடிப்பு, எழுத்துப் பொறித்த இடம் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்து வாருங்கள்.

டர்பென்டைன் எண்ணெயைக் கரைக்கும், கூடவே தன் பங்குக்கு மெல்லிய பிசுக்கையும் விட்டுப்போகும். அதனால் அடுத்தது சோப்பு. பாத்திரம் கழுவும் திரவ சோப்பைச் சூடான தண்ணீரில் கலந்து, நைலான் பிரஷ்ஷால் இரண்டு முறை கழுவுங்கள். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், அதில் சோடா இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான்: விலை குறைவு, ஆபத்து இல்லை, வேறு எந்த ரசாயனத்தையும்விட அதிக அழுக்கை எடுக்கிறது. ஆனால் அவசரக்காரர்கள் முதலில் தாண்டிப்போவதும் இதைத்தான்.

அலசும் தண்ணீரிலும் கவனம் தேவை. சென்னையின் கடலோரப் பகுதிகள் போன்ற இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும். அதில் அலசிக் காயவைத்தால் உப்புத் திட்டு பாகத்தின் மேலேயே தங்கி, பிறகு பெயிண்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக்கும். முதல் அலசல்களுக்கு எந்தத் தண்ணீரும் போதும். கடைசி அலசலை மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் செய்யுங்கள். பக்க மூடி ஒன்றுக்கு ஒரு லிட்டர் போதுமானது.

வார்ப்புப் பாகம் என்றால் இன்னும் ஒரு வேலை. கழுவி, கரைப்பான் முழுவதும் ஆவியாகிப் போன பிறகு, உச்சி வெயிலில் வெள்ளைத் துணியின் மேல் இரண்டு மணி நேரம் வையுங்கள். சூடேறியதும் துளைகளிலிருந்து எண்ணெய் வியர்த்து வெளியே வரும். துணியில் கறை தெரியும். மறுபடி சோப்பால் கழுவி மறுபடி வெயிலில் வையுங்கள். துணியில் கறை படியாமல் போகும்வரை இதைச் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் ஹீட் கன் உதவும். சமையலறை ஓவனில் வைக்காதீர்கள், அந்தப் புகை பிறகு சாப்பாட்டில் ஏறும். கரைப்பான் ஈரம் இருக்கும் பாகத்தின் அருகே ஹீட் கன்னைக் கொண்டுபோகவும் கூடாது.

பழைய பெயிண்டும் வெள்ளைப் பொடியும்

பழைய பெயிண்ட் உறுதியாக இருந்தால் முழுவதையும் உரிக்க வேண்டியதில்லை. விளிம்புகளைச் சரிவாகத் தேய்த்துச் சமப்படுத்தினால் போதும். உரிந்துகொண்டிருந்தால் மட்டுமே பெயிண்ட் ரிமூவர். காஸ்டிக் கலந்த வகையைத் தவிருங்கள். மெத்திலீன் குளோரைடு கலந்தது அலுமினியத்தை அவ்வளவாகப் பாதிக்காது, மனிதரைப் பாதிக்கும். உடலுக்குள் போனதும் அது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மூடிய அறைகளில் அதைப் பயன்படுத்தி இறந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2019-இல் பெயிண்ட் நீக்குவதற்காகப் பொதுமக்களுக்கு அதை விற்பதற்குத் தடை வந்தது. கரித்தூள் வடிகட்டிகூட அதன் ஆவியை அதிக நேரம் தாங்காது. எனவே வீட்டு வேலைக்கு அது இல்லாத ரிமூவரைத் தேடுங்கள். மெதுவாக வேலை செய்தாலும் பரவாயில்லை.

பழைய வாகனப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். இந்தியாவில் 2016-இல் வந்த 90 பிபிஎம் வரம்பு வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கானது. வாகனப் பெயிண்டுகளுக்கு அது பொருந்தாது. உலர்ந்த நிலையில் தேய்க்காமல், எப்போதும் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

வெள்ளைப் பொடியைப் பித்தளைக் கம்பிப் பிரஷ்ஷாலோ இரும்புக் கம்பிப் பிரஷ்ஷாலோ தேய்க்கக் கூடாது. அவற்றின் துணுக்குகள் மென்மையான அலுமினியத்தில் புதைந்து, ஈரம் பட்டதும் அரிப்பைத் தொடங்கிவைக்கும். ஸ்டீல் உல்லும் அப்படியே. நைலான் பிரஷ், அல்லது அலுமினியத்துக்கு மட்டுமே ஒதுக்கிவைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ் நல்லது. பொடி குழிகளுக்குள் இறங்கியிருந்தால் குழியின் அடிவரை தேய்த்து, பளிச்சென்ற உலோகம் தெரிய வேண்டும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த அலுமினிய கிளீனர்கள் பெயிண்ட் கடைகளில் கிடைக்கின்றன. ஆழமான குழிகளுக்கு அவை உதவும். டப்பாவில் சொன்ன அளவுக்கு நீர்க்கச் செய்து, சொன்ன நேரம் மட்டும் வைத்து, நன்றாக அலசுங்கள். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், ஒருபோதும் அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

மணல் அடித்துச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும் பட்டறைகள் உண்டு. அங்கே கொடுப்பதானால் மணலுக்குப் பதிலாகப் பொடிக் கண்ணாடி மணிகளைப் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். ஆற்று மணலின் சிலிக்கா தூசி அங்கே வேலை செய்பவரின் நுரையீரலைச் சிலிக்கோசிஸ் நோயால் அழிக்கும். அது அவர் பிரச்சினை என்று நாம் விட்டுவிடக் கூடாது. எந்தத் துகளாக இருந்தாலும், எண்ணெய்ப் பாதை உள்ள இன்ஜின் பாகங்களை நான் அனுப்பமாட்டேன். ஓர் ஓரத்தில் தங்கிய துகள் பேரிங்குக்குள் போனால் இன்ஜினே வீணாகும்.

சொரசொரப்பாக்குதல்

கேஸ்கெட் உட்காரும் பரப்பு, பேரிங் அமரும் குழி, மரைகள், எர்த் ஒயர் பொருந்தும் இடம் ஆகியவற்றில் தேய்க்கவும் கூடாது, பெயிண்டும் படக் கூடாது. எண்ணெய்த் துளைகளை ரப்பர் அடைப்பானால் மூடுங்கள்.

தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, 220-ஆம் எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 320 அல்லது 400-இல் முடியுங்கள். மூலைகளுக்கும் வளைவுகளுக்கும் மெரூன் நிற ஸ்காட்ச் பிரைட். 80-ஆம் எண்ணின் கீறல் பெயிண்டுக்கு மேலும் தெரியும். 800-க்கு மேல் போனால் பரப்பு மீண்டும் வழுவழுப்பாகிவிடும். பளபளப்பு முழுதும் மங்கி, ஒரே சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டும். தண்ணீர் கறுப்பாக ஓடுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது அலுமினியத்தின் நுண்தூள்.

அதே நுண்தூள் உலர்ந்து காற்றில் கலந்தால் வெடிக்கும் தன்மை உடையது. இரும்பைத் தீட்டிய கிரைண்டரில் அலுமினியத்தைத் தீட்டவே கூடாது. துருத் தூளும் அலுமினியத் தூளும் ஒன்றாகக் குவிந்த இடத்தில் பொறி விழுந்தால், தண்டவாளங்களை வெல்டிங் செய்து இணைக்கப் பயன்படும் அதே கடும் சூடான தெர்மிட் வினை நடக்கும். அலுமினியத் தூள் எரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹைட்ரஜன் கிளம்பித் தீ பெருகும். உலர்ந்த மணலால் மூடுங்கள். தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் இந்தத் தூசி காற்றில் எழாது.

தேய்த்து முடிந்ததும் மறுபடி சோப்புக் கழுவல், மறுபடி டிஸ்டில்டு வாட்டர் அலசல்.

தண்ணீர் சொல்லும் தீர்ப்பு

கடைசி அலசலின்போதே சோதனையையும் முடித்துவிடலாம். பாகத்தைச் சாய்த்துப் பிடித்து டிஸ்டில்டு வாட்டரை மேலிருந்து ஊற்றுங்கள். சுத்தமான பரப்பில் தண்ணீர் விரிந்து, அறுபடாத மெல்லிய படலமாக அரை நிமிடமாவது நிற்கும். தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக உருண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, முழுப் பாகத்தையும் சோப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். சோப்பே மீதமிருந்தாலும் தண்ணீர் விரியும். அதனால் அலசல் தாராளமாக இருந்த பிறகே இந்தச் சோதனையை நம்பலாம். தொழிற்சாலைகளிலும் இதே சோதனை நடைமுறையில் இருக்கிறது. ஒரு காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பிரைமர் டப்பாவைத் திறக்காதீர்கள்.

உலர்த்துவதற்குக் கம்பிரசர் காற்றை அடிப்பதானால் வடிகட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் எண்ணெயும் ஈரமும் நேராகப் பாகத்தில் வந்து உட்காரும். மின்விசிறிக் காற்றும் வெயிலும் போதும்.

கடைசித் துடைப்பு

இனிமேல் வெறும் கை படக் கூடாது. விரல் ரேகையில் எண்ணெயும் இருக்கிறது, உப்பும் இருக்கிறது. புதிய கையுறை மாட்டிக்கொண்டு, மூட வேண்டிய இடங்களுக்குப் புதிய மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எனக்குத் திருப்தியானது. சென்னை ரிச்சி தெரு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். அசிட்டோனும் நல்லது, ஆனால் மிக வேகமாக ஆவியாகும், எளிதில் பற்றும். தின்னர் என்று சில்லறையில் விற்பது தரத்தில் கடைக்குக் கடை மாறும். எதை வாங்கினாலும் சுத்தமான கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு உலர விடுங்கள். வளையமாகக் கறை நின்றால் அது இந்த வேலைக்கு ஆகாது. கைகழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரையும் தவிருங்கள். சூட்டிலோ வெல்டிங் ஒளியிலோ அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

துணியில் பலரும் கோட்டைவிடுகிறார்கள். பட்டறையில் பயன்படும் திருப்பூர் பனியன் வேஸ்ட் முதல் கட்ட அழுக்குக்கு ஏற்றது. சாயமும் மென்மையூட்டியும் இருப்பதால் கடைசித் துடைப்புக்கு அது வேண்டாம். பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தி வேட்டித் துணி சிறந்தது. ஒரு கையில் கரைப்பான் நனைத்த துணி, இன்னொரு கையில் உலர்ந்த துணி. நனைத்துத் துடைத்த இடத்தை, ஆவியாகும் முன்பே உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். ஆவியாகிப் போக விட்டால் கரைந்த அழுக்கு அதே இடத்தில் மீண்டும் படிகிறது. அழுக்கை இடம் மாற்றியதுதான் மிச்சம். ஒரே திசையில் துடைத்து, துணியின் புதிய பக்கத்தை அடிக்கடி திருப்புங்கள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்போது நிறுத்தலாம்.

உடனே பிரைமர்

துடைத்து முடிந்த சில மணி நேரத்துக்குள், அதே நாளில் பிரைமர் அடித்துவிட வேண்டும். நாளைக்கு என்று வைத்தால் ஆக்சைடு படலம் தடிக்கும், காற்றின் ஈரமும் தூசியும் மறுபடி சேரும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் காலை வேளையைத் தவிருங்கள். பாகத்தின் வெப்பநிலை, காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது அதிகமாக இருக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு, நிழலில் அடிப்பது நல்லது.

கடைக்காரர் ரெட் ஆக்சைடு பிரைமரை எடுத்துக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். அது இரும்புக்கானது. அலுமினியத்துக்கு செல்ஃப் எட்ச் பிரைமர் அல்லது எபாக்சி பிரைமர். முதல் வகையில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலம் ஆக்சைடு படலத்தை மெல்லக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். மிக மெல்லிய ஒரு பூச்சு போதும், தடிமனாக அடித்தால் பிடிப்பு குறையும். ஜிங்க் குரோமேட் கலந்ததை வாங்காதீர்கள். அதில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் (ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்) புற்றுநோய் தரும். ஜிங்க் பாஸ்பேட் வகை கிடைக்கிறது. ஒன்றின் மேல் இன்னொன்றை அடிப்பதானால் இரண்டு டப்பாக்களும் அதை அனுமதிக்கின்றனவா என்று பாருங்கள். பல எபாக்சி பிரைமர்கள் எட்ச் பிரைமரின் மேல் ஒத்துப்போகாது. ஹார்டனர் கலக்கும் பெயிண்டில் ஐசோசயனேட் இருந்தால், வெளிக்காற்று செலுத்தும் கவசம் இல்லாமல் ஸ்பிரே செய்யக் கூடாது. ஒருமுறை அதனால் ஆஸ்துமா வந்தால் பிறகு சிறு வாடைகூட ஆகாது. அந்தக் கட்டத்தைப் பெயிண்ட் பூத் உள்ள பட்டறையிடம் ஒப்படைப்பதே சரி.

சிலிண்டர், ஹெட் ஆகியவற்றின் குளிர்விக்கும் தகடுகளுக்கு (ஃபின்) இந்தப் பிரைமர்கள் எதுவும் வேண்டாம். சூட்டில் கருகி உரியும். அங்கே வெப்பம் தாங்கும் பெயிண்டைச் சுத்தம் செய்த உலோகத்தின் மேல் நேரடியாக அடிப்பது வழக்கம். எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் பதப்படுத்த வேண்டும் என்பது டப்பாவிலேயே இருக்கும்.

கழுவிய டர்பென்டைனைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். கிணறும் போர்வெல்லும் அதே மண்ணில்தான் இருக்கின்றன. மூடியுள்ள தகர டப்பாவில் சில நாட்கள் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கசட்டைப் பழைய இன்ஜின் ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள். கரைப்பான் துணிகளைச் சுருட்டிக் குவிக்காமல் வெளியே கொடியில் விரித்துப் போட்டு, வாசனை போகும்வரை உலர்த்திய பிறகே குப்பையில் சேருங்கள்.